வேவு பார்ப்பதை வேவு பார்த்தவர்கள்

உளவுச் செயற்கைக்கோள் என்றால் நம் எல்லோர் மனத்திலும் ஒரே மாதிரி எண்ணம்தான் இருக்கிறது. அது எங்கோ உயரத்தில் யார் கண்ணிலும் படாமல் சுற்றிக்கொண்டிருக்கும்; அது நம்மைப் பார்க்கும், நாம் அதைப் பார்க்க முடியாது. பேப்பர்காரர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். உண்மை வேறு. சாயங்காலம் விளக்கு வைத்து ஒரு மணி நேரம் கழித்து மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். நட்சத்திரங்களுக்கு நடுவே சத்தமில்லாமல் நடந்து போகிற வெளிச்சப் புள்ளிகளில் ஒன்றிரண்டு அந்த ஜாதியைச் சேர்ந்ததாகவே இருக்கலாம்.

பாரிஸ் புறநகரில் தியெரி லெகோ என்று ஒரு பொறியாளர் இருக்கிறார். வானத்தைப் படம் எடுப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. சொந்தக் காசில் வாங்கிய தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, அமெரிக்காவின் கீஹோல், லக்ரோஸ் என்ற உளவுச் செயற்கைக்கோள்களையும், எக்ஸ்-37பி என்ற ஆளில்லாத ராணுவ விண்கலத்தையும் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டியவர். செய்த விதத்தைப் பிரெஞ்சில் விளக்கமாக எழுதியும் வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் படித்த புண்ணியத்தில் அகராதி இல்லாமலே அதைப் படிக்க முடிந்தது. (பிறப்பு இறப்புப் பதிவேட்டு நகலுக்கும், பாரிசுக்குப் போகும் பென்ஷன் மனுவுக்கும் மட்டுமே இத்தனை வருடம் உதவிய பிரெஞ்சு!) படித்தபிறகு, இவருக்கு முன்னால் இந்தக் காரியத்தைச் செய்தவர்கள் யார் யார் என்று தேடப் போனேன். அறுபது வருடத்துக் கதை கிடைத்தது.

முதலில் இது எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சாயங்காலத்தில் தெருவில் வெயில் போனபிறகும் சம்பா கோவில் கோபுர உச்சியில் கொஞ்ச நேரம் வெயில் நிற்கும் அல்லவா? அதேதான். தரையில் இருட்டிவிட்டாலும் 300 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதற்கு இன்னும் சூரியன் மறையவில்லை. அதன் உலோக உடம்பிலும் தகடுகளிலும் பட்ட வெயில் நம் கண்ணுக்கு வந்து சேருகிறது. விடியலுக்கு முன்னாலும் இதே கதைதான். நம் வயதுக்காரர்கள் சிலருக்கு எக்கோ நினைவிருக்கும். 1960 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்கா அனுப்பிய பளபளப்பான பலூன் அது. 30 மீட்டர் குறுக்களவு. பெரியவர்கள் சிறுவர்களைத் தெருவுக்குக் கூட்டிவந்து, நடந்து போகிற நட்சத்திரம் என்று காட்டினார்கள். ஒளிந்துகொள்ள வேண்டிய செயற்கைக்கோளுக்கும் அதே வெயில்தான் அடிக்கிறது. அதற்கென்று தனியாகக் குடை கிடையாது.

கண்ணால் பார்ப்பது சுலபம். படம் எடுப்பதுதான் கஷ்டம். வினாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. 300 கிலோமீட்டர் உயரத்தில் நேர் தலைக்கு மேல் வரும்போது, ஒரு வினாடியில் மூன்று முழு நிலவை வரிசையாக வைத்த அளவுக்கு வானத்தில் நகர்ந்துவிடும். நட்சத்திரத்தைத் தொடர்வதற்காகச் செய்த தொலைநோக்கியை அதைவிட முந்நூறு மடங்குக்கு மேல் வேகமாகத் திருப்ப வேண்டும், அதுவும் ஆடாமல். சரி, எவ்வளவு பெரிதாகத் தெரியும்? பத்து மீட்டர் நீளமுள்ள ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, முக்கால் கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் கையில் பிடித்திருக்கும் பழைய ஒரு ரூபாய்க் காசைப் பார்க்கிற மாதிரி. அந்தக் காசு ஓடிக்கொண்டும் இருக்கிறது. அதில் சிங்கத் தலையைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள்!

இந்தக் கதை 1956-லேயே ஆரம்பித்துவிட்டது. அப்போது செயற்கைக்கோள் என்று ஒன்று வானத்தில் கிடையாது. வரப்போகிறது என்று தெரிந்ததும், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் வானாய்வு நிலையத் தலைவர் ஃப்ரெட் விப்பிள், பொதுமக்களைக் கொண்டு கண்காணிக்க ஒரு திட்டம் போட்டார். மூன்வாட்ச் என்று பெயர். பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் கடைக்காரர்களும் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு சின்னத் தொலைநோக்கியில் வானத்தின் ஒரு துண்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யார் துண்டில் புள்ளி கடக்கிறதோ அவர் குரல் கொடுக்க வேண்டும். இன்னொருவர் நேரத்தைக் குறிப்பார். 1957 அக்டோபர் 4 அன்று ருஷ்யாக்காரன் ஸ்புட்னிக்கை விட்டபோது, பெரிய கேமராக்கள் இன்னும் தயாராகவில்லை. இந்த அமெச்சூர் ஆட்கள் தயாராக இருந்தார்கள். அந்தப் பெரிய கேமராக்கள் பிறகு உலகத்தில் பன்னிரண்டு இடங்களில் வைக்கப்பட்டன. அவற்றில் ஒன்று நம் நைனிதாலில் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. மூன்வாட்ச் 1975 வரை நடந்தது. அது கலைந்தபிறகும் பழக்கம் விடவில்லை, தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு பக்கம் இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற சின்ன ஊர். அங்கே கிராமர் ஸ்கூலில் ஜெஃப்ரி பெர்ரி என்ற பௌதிக வாத்தியார். ரயில் நம்மைக் கடக்கும்போது அதன் ஊதல் சத்தம் இறங்குகிறதே, அந்த டாப்ளர் விளைவைப் பையன்களுக்குக் காட்டுவதற்காக, சக ஆசிரியர் டெரெக் ஸ்லேட்டரோடு சேர்ந்து ஒரு சிற்றலை ரேடியோவில் ருஷ்யச் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கேட்க ஆரம்பித்தார். காஸ்மாஸ் என்ற பொதுப்பெயரில் ருஷ்யா விட்டவற்றில் பல, பிலிம் சுருளோடு மேலே போய், சுமார் எட்டு நாள் படம் எடுத்துவிட்டுத் திரும்பி இறங்கும் உளவு வண்டிகள். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று பையன்கள் நோட்டில் எழுதிவந்தார்கள். 1966 மார்ச்சில் போன காஸ்மாஸ் 112 வழக்கமான பாதையில் வரவில்லை. தெரிந்த ஏவுதளமான பைக்கனூரிலிருந்து கிளம்பியிருந்தால் அந்த நேரத்துக்கு அங்கே வந்திருக்க முடியாது. அதே வருடம் அக்டோபரில் காஸ்மாஸ் 129 போனது. இரண்டின் பாதைகளையும் பூமியின் மேல் பின்னோக்கி வரைந்தபோது, ருஷ்யாவின் வடக்கே பிளெசெட்ஸ்க் என்ற இடத்துக்குப் பக்கத்தில் வெட்டிக்கொண்டன. உலகத்துக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஏவுதளம் அங்கே இருந்தது.

அமெரிக்க உளவுத்துறைக்கு இது முன்பே தெரியும், ஆனால் வாயைத் திறக்கவில்லை. சோவியத் அரசு அப்படி ஓர் இடம் இருப்பதை 1983-ல்தான் ஒப்புக்கொண்டது. இரண்டு வல்லரசுகளும் சேர்ந்து மூடி வைத்திருந்ததை ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் திறந்துவிட்டது. கோப்பும் பதிவேடுமாகக் காலத்தைக் கழித்த எனக்கு இந்த இடத்தில் ஒரு சந்தோஷம். தேதியும் நேரமும் தவறாமல் எழுதி வைப்பதன் மதிப்பை அலுவலகத்தில் எடுத்துச் சொன்னால் இளைஞர்கள் சிரிப்பார்கள்.

இதோடு ஒப்பிட ஒரு திருட்டுக் கதையும் இருக்கிறது. கீஹோல் வகையில் கே.எச்.-11 என்பது 1976 டிசம்பரில் போனது. பிலிம் கிடையாது, எடுத்த படத்தை மின்சமிக்ஞையாகவே கீழே அனுப்பும். முதல் இரண்டு வருடம் அது என்ன செய்கிறது என்று ருஷ்யாவுக்குப் புரியவில்லை என்பார்கள். சி.ஐ.ஏ.வில் சின்ன உத்தியோகத்தில் இருந்த வில்லியம் கம்பைல்ஸ் என்ற இளைஞர், வேலையை விட்டுப் போகும்போது அதன் கையேட்டை மறைத்து எடுத்துப்போய், 1978-ல் ஏதென்ஸ் நகரத்தில் ருஷ்ய ஆளிடம் 3,000 டாலருக்கு விற்றுவிட்டார். நாற்பது வருடம் சிறைத் தண்டனை. விசாரணையில் இன்னொன்றும் தெரிந்தது: அந்தக் கையேட்டின் வேறு பத்துக்கு மேற்பட்ட பிரதிகளும் கணக்கில் இல்லை. உலகத்திலேயே பெரிய ரகசிய அலுவலகத்தில் ஸ்டாக் சரிபார்ப்பு நடந்த லட்சணம் அது.

1980-களில் அமெரிக்கா தன் ராணுவச் செயற்கைக்கோள்களின் பாதை விவரங்களை வெளியிடுவதை நிறுத்தியது. நின்றதை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கனடாவில் டொரான்டோ நகரத்தில் டெட் மோல்சான் என்பவர் கணக்குப் போடுவார். ஸ்காட்லாந்திலும் பிரான்சிலும் ஹாலந்திலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்தவர்கள் பார்த்து அனுப்புவார்கள். சாதனம் என்ன? ஒரு பைனாகுலர், ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு நட்சத்திர வரைபடம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரங்களை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துக் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் இடையே புள்ளி கடக்கிற நொடியில் ஸ்டாப்வாட்சை அழுத்தி, இந்த நட்சத்திரத்திலிருந்து எத்தனை பங்கு தூரத்தில் கடந்தது என்று மனத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். ரேடியோவில் வரும் நேரக் குறிப்போடு ஒப்பிட்டு, வினாடியில் பத்தில் ஒரு பங்கு வரை எழுத வேண்டும். இப்படிச் சில ஊர்களிலிருந்து சில ராத்திரிக் கணக்குகள் சேர்ந்தால் போதும். அது நாளை எத்தனை மணிக்கு எங்கே வரும் என்று சொல்லிவிடலாம். பாதை அமெரிக்காவின் கையில் இல்லை, நியூட்டன் கையில் இருக்கிறது.

இவர்களுக்குக் கிடைத்த பெரிய பரீட்சை மிஸ்டி. 1990 பிப்ரவரி 28 அன்று அட்லாண்டிஸ் ஷட்டில் ஒரு ரகசியச் சரக்கோடு கிளம்பியது. சரக்கை இறக்கிய சில நாளில் அந்தப் பாதையில் பல துண்டுகள் மிதப்பதாக ருஷ்யாவிலிருந்து செய்தி வந்தது. அமெரிக்க ராணுவம் அதிகம் பேசவில்லை. அந்தப் பயணத்தோடு சம்பந்தப்பட்ட துண்டுகள் விழுந்து எரிந்துபோகும் என்ற அளவில் முடித்துக்கொண்டது. செயற்கைக்கோள் உடைந்துவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

அக்டோபர் மாதம் எடின்பரோவில் ரஸ்ஸல் எபர்ஸ்ட், பிரான்சில் பியேர் நெய்ரிங்க், இவர்களோடு டேனியல் கார்ஷே ஆகியோர், எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு புள்ளியைக் கண்டார்கள். உயரம் சுமார் 800 கிலோமீட்டர். மூவருடைய குறிப்பும் மோல்சானிடம் போனது. அவர் பாதையைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தார். மார்ச் முதல் வாரத்தில், துண்டுகள் தெரிந்ததாகச் சொன்ன அதே சமயத்தில், ஷட்டில் இறக்கிய சரக்கின் பாதையோடு போய்ச் சேர்ந்தது. உடைந்ததாக நினைத்தது உயிரோடு இருந்திருக்கிறது; வேறு உயரத்துக்கு மாறிப் போயிருந்திருக்கிறது. நவம்பரில் மறுபடியும் இடம் மாறிக் காணாமல் போனது. யாரோ கவனித்துவிட்டார்கள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது போல!

செயற்கைக்கோளை மறைக்கிற வழி பற்றி ஒரு காகிதமும் பொதுவில் இருக்கிறது. 1994-ல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் ஒரு காப்புரிமை வழங்கியது. செயற்கைக்கோளுக்கு முன்னால் கூம்பு வடிவத்தில் ஒரு பலூனை ஊதி நிறுத்தி, வெளிச்சத்தையும் ரேடார் அலையையும் கீழே வராமல் வேறு திசையில் திருப்பிவிடும் யோசனை. கொஞ்சம் முன்னால் குடை கிடையாது என்று எழுதினேனே, அந்தக் குடைதான். இது மிஸ்டிக்குப் போட்டதா என்று அரசு சொன்னதில்லை. வருமோ வராதோ என்று பல நாட்டு மொட்டை மாடிகளில் ஆட்கள் காத்திருக்க, ரகசியத்தைக் காப்பதற்கான வரைபடத்தை அரசாங்கமே அச்சடித்து விலைக்குக் கொடுத்தது என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

இதுவரை சொன்னவர்கள் எல்லோரும் புள்ளியைத்தான் பார்த்தார்கள். புள்ளிக்கு உருவம் கொடுக்கப் புறப்பட்டவர்களில் முக்கியமானவர்தான் லெகோ. ஹாலந்தில் ரால்ஃப் வான்டெபெர்க் என்பவர் தொலைநோக்கியைக் கையாலேயே தள்ளிக்கொண்டு, கண்ணால் குறிவைத்துத் துரத்திப் படம் எடுத்தார்; அதற்குத் தனிக் கை வேண்டும். லெகோ பொறியாளர் ஆயிற்றே, இயந்திரத்தைப் பழக்கினார். நண்பர் எம்மானுவேல் ரிட்ச் உதவியோடு, தொலைநோக்கியின் மோட்டாரைக் கம்ப்யூட்டரே செலுத்தும் ஏற்பாட்டைச் செய்தார். பெரிய குழாயோடு ஒரு சின்னத் தொலைநோக்கியும் கேமராவும் சேர்ந்து ஓடும்; சின்னது புள்ளியைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டே வர, பெரியது வீடியோ எடுக்கும். 14 அங்குலக் கண்ணாடி. கணக்குப்படி பார்த்தால் 300 கிலோமீட்டரில் அரை மீட்டர் பொருளைப் பிரித்துக் காட்டலாம். காற்றுக் கலக்கம் அந்த அளவுக்கு விடுவது அபூர்வம்.

அதற்கு முன்பே அவர் பெயர் பெற்றிருந்தார். 2009 மே மாதம் ஹபிள் தொலைநோக்கியைப் பழுது பார்க்க அட்லாண்டிஸ் போயிருந்தபோது, இரண்டும் சூரியனுக்குக் குறுக்கே கடப்பதைப் படம் எடுக்க ஃப்ளோரிடாவுக்குப் போனார். கடந்த நேரம் 0.8 வினாடி. தூரம் 600 கிலோமீட்டர். கடப்பது கண்ணுக்குத் தெரிகிற விஷயமே இல்லை; கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் முன்கூட்டியே பொத்தானை அழுத்தித் தொடர்ச்சியாக எடுத்துத் தள்ள வேண்டும். தட்டு அளவுச் சூரியனில் இரண்டு எறும்புகள் மாதிரி ஷட்டிலும் ஹபிளும் இருக்கும் அந்தப் படம் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது.

உளவுச் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கீஹோல் என்று அவர் காட்டுவது கறுப்புப் பின்னணியில் ஒரு நீளமான வெளிச்சத் திட்டு. கேமராவோ எழுத்தோ ஒன்றும் தெரியாது. லக்ரோஸ் ரேடாரால் படம் எடுக்கும் வகை. அது சற்றே செம்மை பூசினாற்போல் தெரியும் என்று வெறுங்கண்ணால் பார்க்கிறவர்களே சொல்வார்கள். அதில் ஐந்தாவதாகப் போனதற்கு ஒரு குறும்பு உண்டு: நன்றாக வெளிச்சமாக வந்துகொண்டிருக்கும்போதே, பூமியின் நிழலுக்குள் போகாமலே, சில வினாடிகளில் மங்கி மறைந்துவிடும்.

லெகோவிடம் எனக்குப் பிடித்தது அவர் எடுத்த படங்களைவிட, அவர் ஒதுக்கிய படங்கள்தான். காற்றுக் கலக்கத்தில் ஒவ்வொரு பிரேமிலும் திட்டின் ஓரம் கோணலாகும். அதைக் கம்ப்யூட்டரில் கூர்மைப்படுத்தினால் சிறகும் ஆன்டெனாவும் முளைத்துவிடும். பார்க்கிறவன் ஆசைக்கு ஏற்ப இயந்திரமும் வளைந்து கொடுக்கும். அடுத்தடுத்த பிரேம்களில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி வந்தால்தான் அது செயற்கைக்கோளின் உறுப்பு; ஒரே ஒரு பிரேமில் மட்டும் வந்தால் அது காற்றின் உறுப்பு என்பது அவர் கணக்கு. ரகசியம் என்று பெயர் வைத்த பொருளில் எதைச் சொன்னாலும் நம்புவதற்கு ஆள் இருக்கிறது, மறுக்க வேண்டிய அரசாங்கமோ வாய் திறக்காது. அந்த வசதியை அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

இந்த நிதானத்துக்குப் பலன் 2012 புத்தாண்டு அன்று வந்தது. செவ்வாயின் சந்திரனுக்குப் போக வேண்டிய ருஷ்யாவின் ஃபோபோஸ்-கிரன்ட் விண்கலம், 2011 நவம்பரில் பூமியைச் சுற்றும் பாதையிலேயே மாட்டிக்கொண்டு செத்துப்போயிருந்தது. நீஸ் நகரத்துக்கு மேலே கலேர்ன் என்ற மேட்டு நிலத்திலிருந்து லெகோ அதை வீடியோ எடுத்தார். சூரியத் தகடுகள் வெயிலைப் பார்க்காமல் திரும்பியிருந்தது படத்தில் தெரிந்தது. வண்டிக்கு மின்சாரம் இல்லாமல் போனதற்கு அது பொருந்துகிற சாட்சி. இரண்டு வாரத்தில், ஜனவரி 15 அன்று, அது விழுந்து எரிந்தது.

பிரெஞ்சு அரசாங்கமும் இந்த விளையாட்டில் ஒரு காய் நகர்த்தியதைச் சொல்ல வேண்டும். அமெரிக்கா தன் ராணுவச் செயற்கைக்கோள்களை மறைத்துக்கொண்டு, பிரான்சின் ராணுவச் செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்று மட்டும் பொதுப் பட்டியலில் போட்டுவந்தது. கேட்டால் பதில் இல்லை. பிரான்சு 2005-ல் கிராவ் என்ற ரேடாரை இயக்க ஆரம்பித்தது. டிஜோனுக்குப் பக்கத்திலிருந்து அலையை அனுப்பி, தெற்கே அல்பியோன் மேட்டில் எதிரொலியை வாங்கும். 2007-ல் பிரெஞ்சு அதிகாரிகள் மெதுவாகச் சொன்னார்கள்: எங்கள் ரேடாரில் இருபது முப்பது பொருள்கள் தெரிகின்றன, உங்கள் பட்டியலில் அவை இல்லையே, ஒருவேளை அவை இல்லவே இல்லையோ? எங்களுடையதை நீங்கள் போடுவதை நிறுத்தினால் பேசலாம். இத்தனை மரியாதையாக மிரட்டப் பிரெஞ்சுக்காரனால்தான் முடியும்.

சரி, தனி மனிதர்கள் இதைச் செய்வது நியாயமா? ஒரு நாட்டின் பாதுகாப்புக்காக வைத்த ரகசியத்தை வேலியில் எட்டிப் பார்த்து ஊருக்குச் சொல்வது சரியா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. மோல்சான் போன்றவர்கள் சொல்லும் பதில், ரேடார் வைத்திருக்கும் நாடுகளுக்கு இது ஏற்கெனவே தெரியும் என்பது. அதற்கு நாமே சாட்சி. 1995 டிசம்பரில் பொக்ரானில் நடந்த ஏற்பாடுகளை அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் கண்டுபிடித்தன. நெருக்கடி வந்து அணுச் சோதனை நின்றுபோனது. 1998-ல் நம்மவர்கள் அவை தலைக்கு மேல் வரும் நேரத்தைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டார்கள். முக்கிய வேலையெல்லாம் ராத்திரியில். விடிவதற்குள் புல்டோசர்களும் லாரிகளும் பழைய இடத்திலேயே, நகராதது போல நிற்க வேண்டும். ராமேஸ்வரத்துக்காரர் கலாம், ராணுவ உடுப்பும் மேஜர் ஜெனரல் பிருத்விராஜ் என்ற பெயருமாக அங்கே நடமாடினார். மே 11 அன்று சோதனை நடந்தபிறகுதான் வாஷிங்டனுக்குத் தெரிந்தது. ஒளிந்துகொள்ள வேண்டியவன் நேரம் தெரிந்து ஒளிந்துகொள்கிறான். பாதை தெரியாமல் இருந்தவர்கள் பொதுமக்கள் மட்டும்தான்.

பொதுமக்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் சில சமயம் வருகிறது. 1979 ஜூலையில் ஸ்கைலேப் விழப்போகிறது என்று நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? உலகம் முடியப்போகிறதென்று வளர்த்த கோழியை அடித்துச் சாப்பிட்டவர்கள் உண்டு. ஸ்கைலேப் ரகசியம் இல்லை, அதனால் எங்கே எப்போது என்று பேசவாவது முடிந்தது. 2006 டிசம்பரில் போன யு.எஸ்.ஏ. 193 என்ற உளவுச் செயற்கைக்கோள், போனவுடனே செயலிழந்து இறங்கிக்கொண்டே வந்தது. உள்ளே சுமார் 450 கிலோ ஹைட்ரசின் என்ற விஷ எரிபொருள். அரசாங்கம் வாய் திறந்தது 2008 ஜனவரியில். அதுவரை ஒவ்வொரு வாரமும் அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கணக்கு வைத்திருந்தவர்கள் இந்த அமெச்சூர் ஆட்கள்தான். பிப்ரவரியில் கடற்படைக் கப்பலிலிருந்து ஏவுகணை விட்டு அதை உடைத்தார்கள்.

கடைசியாக 2019. ஆகஸ்ட் 29 அன்று ஈரானின் செம்னான் ஏவுதளத்தில் ஒரு ராக்கெட் மேடையிலேயே வெடித்தது. மறுநாள் ஜனாதிபதி டிரம்ப் அந்த இடத்தின் படம் ஒன்றைத் தன் கணக்கில் போட்டார். கறுப்பு வெள்ளைப் படம். அறையின் விளக்கு வெளிச்சம் நடுவில் பளிச்சென்று பிரதிபலிக்கிறது. யாரோ மேஜையிலிருந்த தாளை அப்படியே கைபேசியில் எடுத்தது போல இருந்தது. அவ்வளவு தெளிவான படத்தைச் செயற்கைக்கோள் எடுத்திருக்காது, விமானம்தான் என்று சில நிபுணர்களே சொன்னார்கள்.

ஹாலந்தில் லைடன் நகரத்தில் இருக்கும் மார்கோ லாங்புரூக், படிப்பால் தொல்பொருள் ஆய்வாளர், பல வருடமாக உளவுச் செயற்கைக்கோள்களைப் படமெடுத்து வருபவர். அவரும் இன்னும் சிலரும் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஏவுமேடை வட்டமானது என்று எல்லோருக்கும் தெரியும். படத்தில் அது நீள்வட்டமாக இருந்தது. எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று அளந்தால், எந்தத் திசையிலிருந்து எவ்வளவு சாய்வாகப் பார்த்தது என்று தெரிந்துவிடும். மேடையைச் சுற்றியிருந்த கம்பங்களின் நிழல் சூரியக் கடிகாரமாக உதவியது: உள்ளூர் நேரம் பிற்பகல் இரண்டு மணியைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அந்தத் திசையில் அந்தக் கோணத்தில் இருந்தது யார்? 2011 ஜனவரியில் போன யு.எஸ்.ஏ. 224. கீஹோல் வகை. அதன் பாதை எந்த அரசுப் பட்டியலிலும் கிடையாது. அமெச்சூர் ஆட்களின் பதிவேட்டில் மட்டும், எட்டு வருடமாக, விடாமல் இருந்தது. படத்தில் சுமார் பத்து சென்டிமீட்டர் பொருள்கள் பிரிந்து தெரிவதாகவும் கணித்தார்கள். நாற்பது வருடத்துக்கு முன் கம்பைல்ஸ் கையேட்டைத் திருடி விற்றுத்தான் வெளியே வந்த வகை விவரம், இந்த முறை ஒரு நிழலை அளந்து வந்துவிட்டது.

மூன்று வருடம் கழித்து, 2022 நவம்பரில், ஓர் அமெரிக்க வானொலி நிறுவனம் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டதன் பேரில், அந்தப் படத்தின் மேலிருந்த ரகசிய முத்திரையை முறைப்படி நீக்கி மூலப் படத்தைக் கொடுத்தார்கள். படத்தைச் சுற்றி எழுதியிருந்த குறிப்புகளில் பெரும்பகுதியைக் கறுப்பு மையால் அடித்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்.